தோண்டினா நாத்தம் வருதா? உடனே மூடிடாதீங்க

போன கோடையில வீட்டுக்குப் பின்னாடி ஒரு மாங்கன்னு வைக்கலாம்னு குழி வெட்டினோம். ரெண்டரை அடி போனதும் குப்புனு ஒரு நாத்தம். அழுகின முட்டை மாதிரி. மண்ணும் தார் மாதிரி கறுப்பு. உடனே ஆளாளுக்குத் தீர்ப்பு சொல்ல ஆரம்பிச்சாச்சு. அம்மா "பாம்பு இருக்கும்டா"ன்னாங்க (உருளைக்கிழங்கு வாசனை வந்தாத்தான் பாம்புன்னு சொன்னதும் இதே அம்மாதான்). தங்கமணி "பிளீச்சிங் பவுடரைக் கொட்டி மூடுங்க"ன்னாங்க. பக்கத்து வீட்டு சார் மதில் மேல எட்டிப் பாத்து, "இது பழைய சதுப்பு மண்ணு சார், ஒண்ணும் பண்ணாது"ன்னார்.

அவர் சொன்னதுல நியாயம் இருக்கு. எங்க ஏரியா பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டினது. காத்து போகாத ஈர மண்ணுல சில பாக்டீரியா ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்கும், அது இரும்போட சேர்ந்து மண்ணு கறுத்துடும். ஆனா செப்டிக் டேங்க் கசிஞ்சாலும் இதே கறுப்பு, இதே நாத்தம்தான். அங்கதான் சிக்கல்.

நம்மாளுங்க நாத்தம்னா மறைக்கத்தான் பாக்கறோம். பினாயில், ஊதுபத்தி, இல்லைன்னா மேல ரெண்டு கூடை செம்மண்ணு. எங்கேருந்து வருதுன்னு தேடறதே இல்ல. 2013-ல தண்டையார்பேட்டையில போர் தண்ணியில பெட்ரோல் வாடை அடிச்சுது. பூமிக்கடியில போன எண்ணெய்க் குழாய் கசிஞ்சிருந்தது. அங்க மேல மண்ணு போட்டு என்ன பிரயோசனம் சொல்லுங்க?

குழி வெட்டின அண்ணன் "இறங்கி மோந்து பாக்கறேன் சார்"னார். வேணாம்னு கையைப் புடிச்சு நிறுத்தினேன். இந்த வாயு காத்தை விட கனம், பள்ளத்துல தேங்கும். ஒரு அளவுக்கு மேல போனா மூக்கே மரத்துடும், நாத்தம் போயிடுச்சுன்னு நெனச்சுப்போம். செப்டிக் டேங்குல ஆள் சாகறது இதனாலயும்தான். மூணடி குழிதானேன்னு அசட்டையா இருக்க எனக்கு மனசு வரல. மேல நின்னு மம்புட்டியால ஒரு பிடி மண்ணை எடுத்துப் பாத்தா போதும்.

தோண்டிப் போட்ட மண்ணு ரெண்டு நாள்ல பழுப்பாச்சு, வாடையும் போச்சு. சார் சொன்னதுதான் சரியோன்னு இருந்தது. ஆனா அந்த வெயில்லயும் குழியில மதில் பக்கச் சுவர் மட்டும் காயவே இல்ல. மதிலுக்கு அந்தப் பக்கம் அவர் டேங்க். எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. போர் தண்ணியை சோதிக்கற ஹெச்2எஸ் பாட்டில்ல ஊத்தி வெச்சேன், மறுநாளே கறுத்துடுச்சு. கழிவுக் கிருமி கலந்திருக்கலாம்னு அர்த்தம். அந்தத் தண்ணியிலதான் பாத்திரம் கழுவறோம், பொண்ணு வாய் கொப்பளிக்கறா. நேரா போய் சாரை கண்டபடி பேசிட்டேன்.

அவர் அமைதியா, "மொதல்ல உங்க பைப்பைப் பாருங்க"ன்னார்.

வீம்புக்கு கேசரிப் பவுடர் பாக்கெட்டை எங்க டாய்லெட்லயே கொட்டி நாலு தடவை தண்ணி ஊத்தினேன். மறுநாள் காலையில குழிச் சுவர்ல ஆரஞ்சு கலர் கசியுது! மதிலோரமா போற எங்க பைப்தான். வேப்ப மர வேர் புகுந்து வாய் பொளந்திருந்தது. எத்தனை வருஷமோ.

பைப் மாத்தியாச்சு. பாட்டில் கறுக்காம நிக்கற வரைக்கும் போர் தண்ணி செடிக்கு மட்டும்தான். மாங்கன்னு வேற எடம் போயிடுச்சு. அரை கிலோ மிக்சரோட சார் வீட்டுக்குப் போய் மன்னிப்பு கேட்டேன். மிக்சரை வாங்கி வெச்சுட்டு மெதுவா கேட்டார்: "அந்த கேசரிப் பவுடர் மிச்சம் இருக்கா சார்? எங்க டேங்கையும் ஒரு தடவை பாத்துடலாம்."