டெம்ப்ளேட் எஞ்சினை மாட்டினால் மட்டும் போதுமா?

ஒரு வெப் ஃப்ரேம்வொர்க்கில் புது டெம்ப்ளேட் எஞ்சினைச் சேர்ப்பது சுலபம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினால் பக்கம் வந்துவிடும். வரும்தான். ஆனால் பழையது சத்தமில்லாமல் செய்துவந்த வேலையை இனி யார் செய்வது?

பைத்தானையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜாங்கோவின் சொந்த டெம்ப்ளேட்டில், 2008-ல் வந்த 1.0 பதிப்பு முதல், ஆட்டோஎஸ்கேப் தானாகவே உண்டு. அதாவது, யாராவது பின்னூட்டத்தில் ஜாவாஸ்கிரிப்டை எழுதிவைத்தாலும் அது வெறும் எழுத்தாகத்தான் தெரியும், ஓடாது.

ஜின்ஜா2-ஐத் தனியாகப் பயன்படுத்தினால் இந்தப் பாதுகாப்பு ஆஃப்! குறை சொல்லவும் முடியாது. எச்டிஎம்எல் மட்டுமல்ல, சாதாரண மின்னஞ்சல், கான்ஃபிக் ஃபைல் என எதையும் உருவாக்கும் பொதுக்கருவி அது. வெளியே போவது வெப் பக்கம் என்று அதற்கு எப்படித் தெரியும்? ஃப்ரேம்வொர்க்குக்குத் தெரியுமே!

அதனால்தான் 2015-ல் ஜாங்கோ 1.8 ஜின்ஜா2-க்கு இடம் கொடுத்தபோது, ஆட்டோஎஸ்கேப்பை ஆன் செய்தே கொடுத்தது. ஃபிளாஸ்கும் எச்டிஎம்எல் டெம்ப்ளேட் ஃபைல்களுக்கு அதையே செய்கிறது. இணைப்பு என்றால் இதுதான். நாலு வரி கோடில் எஞ்சினை ஒட்டவைத்துவிட்டு, "எஸ்கேப் செய்வது டெவலப்பர் பொறுப்பு" என்று கைகழுவுவது இணைப்பே அல்ல. நூறு இடத்தில் ஞாபகம் வைத்தவரும் நூற்றியொன்றாவது இடத்தில் மறப்பார். அந்த ஓர் இடம் போதும், அடுத்தவருடைய லாகின் பறிபோக.

சின்டாக்ஸ், வேகம் பற்றிய சண்டையெல்லாம் அப்புறம் இருக்கட்டும். முதலில் பெயர் கேட்கும் பெட்டியில் ஒரு அலர்ட் ஸ்கிரிப்டைத் தட்டிப் பாருங்கள். அலர்ட் எட்டிப்பார்த்தால், வேலை இன்னும் பாக்கி இருக்கிறது நண்பர்களே!