கூலி கொடுத்தால் போதுமா?

ஓர் இசைத்தட்டைப் பற்றித் தலையங்கம் எழுத என்ன இருக்கிறதென்று நேயர்களில் சிலர் வியக்கக்கூடும். தட்டோ பழையது, 1967-ஆம் வருஷத்தில் வெளிவந்தது. அதைப் பாடியவர்கள் இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரத்து இளைஞர் நால்வர். பீட்டில்ஸ் என்ற அந்தப் பாப் இசைக் குழுவின் பெயரைக் கேளாத செவி உலகில் அரிது. அவர்களுடைய ‘ஸார்ஜண்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பாண்ட்’ என்ற இசைத் தொகுப்பு இன்றும் விலை போகிறது. அத்தொகுப்பு வெளிவந்தபோது அதன் உறையில் ஒரு பெரும் நியாயக் குறைவு இருந்தது. நம் நாட்டு வாத்தியங்களை வாசித்தவர்களைப் பற்றிய குறைவு அது. ஆகவே நாம் பேசக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதலில் நிறையைச் சொல்லிவிடுவோம். 1966 ஆகஸ்டில் ஊர் ஊராகச் சென்று கச்சேரி செய்வதை விட்டொழித்த இந்நால்வரும், அவ்வருஷம் நவம்பர் முதல் மறுவருஷம் ஏப்ரல் வரை லண்டன் ஆபி ரோடில் ஈ.எம்.ஐ. கம்பெனியின் ஒலிப்பதிவுக் கூடத்திலேயே தங்கி உழைத்தார்கள். நான்கே தடங்கள் கொண்ட நாடாவில் தடத்தின்மேல் தடமாக ஒலியைச் சேர்த்து, மேடையில் ஒருபோதும் ஒலிக்க முடியாத சங்கீதத்தை உண்டாக்கினார்கள். பாட்டின் சொற்களை உறையிலேயே அச்சிட்டுக் கொடுத்தார்கள். 1968-இல் அவ்வருஷத்தின் சிறந்த தொகுப்பு என்ற கிராமி பரிசும் கிடைத்தது. இப்பெருமை எதையும் நாம் குறைக்க விரும்பவில்லை.

தட்டைத் திருப்பினால் இரண்டாம் பக்கத்தின் முதற்பாட்டு ‘விதின் யூ விதவுட் யூ’ என்பது. இயற்றிப் பாடியவர் ஜார்ஜ் ஹாரிஸன். இவர் 1966-இல் இந்தியாவுக்கு வந்து பண்டித ரவிசங்கரிடம் சிதார் பயின்றவர். நம் சங்கீதத்தை வேடிக்கைப் பொருளாகக் கருதாமல் மாணவனாக அமர்ந்து கற்றவர். 1967 மார்ச்சு 15-ஆம் தேதி அப்பாட்டின் ஒலிப்பதிவு தொடங்கியது. குழுவின் மற்ற மூவர் அதில் வாசிக்கவில்லை. அவர்கள் இடத்தில் அமர்ந்தவர்கள், லண்டனில் வசித்த இந்திய வாத்தியக்காரர்கள். அன்னா ஜோஷியும் அம்ரித் கஜ்ஜரும் தில்ரூபா வாசித்தார்கள். புத்ததேவ் கன்சாரா தம்பூரா மீட்டினார். நட்வர் சோனி தபலா வாசித்தார். தில்ரூபாவின் குழைவையும் வழுக்கலையும் பின்பற்றும்படி எட்டு வயலினுக்கும் மூன்று செல்லோவுக்கும் ஜார்ஜ் மார்ட்டின் ஸ்வரம் எழுதி, ஏப்ரல் 3-ஆம் தேதி சேர்த்தார். அதாவது, அன்று நம்மவர் வில் முன்னே சென்றது. மேனாட்டார் வில் பின்னே வந்தது.

இனி உறையைப் பார்ப்போம். படத்தை அமைத்த பீட்டர் பிளேக், ஜான் ஹாவொர்த் தம்பதிகளின் பெயர் அதில் இருக்கிறது. புகைப்படம் பிடித்த மைக்கேல் கூப்பரின் பெயர் இருக்கிறது. மெழுகுப் பொம்மைகளை உதவிய மேடம் துஸ்ஸோ காட்சிசாலையின் பெயரும் இருக்கிறது. உயிருள்ள நான்கு இந்தியரின் பெயர்கள் மட்டும் இல்லை! மெழுகுக்குக் கிடைத்த மரியாதை மனித விரலுக்குக் கிடைக்கவில்லை. அந்நால்வர் இன்னாரென்று உலகம் பரவலாக அறிவதற்குத் தொகுப்பின் ஐம்பதாவது ஆண்டு நிறைவாகிய 2017 வர வேண்டியிருந்தது.

இந்தியாவின் நினைவே கம்பெனியாருக்கு இல்லாமல் போயிற்று என்று சொல்ல இடமில்லை. உறைப்படத்தில் நிற்க வேண்டிய பெரியோர்களின் வரிசையில் மகாத்மா காந்தியின் உருவமும் சேர்க்கப்பட்டிருந்தது. ஈ.எம்.ஐ.யின் தலைவர் ஸர் ஜோசப் லாக்வுட் அதை நீக்கச் சொன்னார். நடிகரும் குத்துச்சண்டைக்காரரும் நிற்கும் கூட்டத்தில் மகாத்மாவை நிறுத்தினால் இந்தியர் மனம் புண்படும், அங்கே வியாபாரம் கெடும் என்பது அவருடைய அச்சம். அவ்வச்சம் நியாயமானதென்றே வைத்துக்கொள்வோம். ஆனால் இந்தியரின் பணப்பையை இவ்வளவு கவனமாக நினைத்தவர்களுக்கு, இந்தியரின் கைகள் ஏன் நினைவுக்கு வரவில்லை?

இதற்கு மூன்று சமாதானங்கள் சொல்லப்படலாம். வாசித்தவர்கள் கூலி பெற்றார்கள், கணக்குத் தீர்ந்தது என்பது ஒன்று. கூலி உழைப்புக்கு, பெயர் படைப்புக்கு. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்கிவிட முடியாது. வயலின் வாசித்த வெள்ளையர் பெயர்களுந்தான் இல்லையே என்பது மற்றொன்று. உண்மை, அவர்களுக்காகவும் சேர்த்தே நாம் வழக்காடுகிறோம். ஒரே அநியாயத்தை இருவருக்கும் இழைத்தால் அது நியாயமாகிவிடாது. அக்காலத்து வழக்கமே அப்படி என்பது மூன்றாவது. இச்சமாதானத்தை அவர்களே முன்னர் உடைத்துவிட்டார்கள். 1966 ஆகஸ்டில் வெளிவந்த ‘ரிவால்வர்’ தொகுப்பில், ‘லவ் யூ டூ’ என்ற பாட்டுக்குத் தபலா வாசித்த அனில் பாகவத்தின் பெயர் உறையில் அச்சாகியிருந்தது. முந்திய வருஷம் ஒரு பெயருக்கு இருந்த இடம், மறுவருஷம் நான்கு பெயர்களுக்கு இல்லாமற்போன மாயம் என்ன?

சட்டம் என்ன சொல்லிற்று என்று கேட்கலாம். அன்று ஒன்றும் சொல்லவில்லை. 1961-ஆம் வருஷத்து ரோம் உடன்படிக்கை, வாத்தியக்காரருக்குச் சில உரிமைகளை வகுத்தும், பெயர் பெறும் உரிமையை வகுக்கவில்லை. 1996-இல் ஜெனீவாவில் ஏற்பட்ட உடன்படிக்கைதான் அதை ஒப்புக்கொண்டது. இங்கிலாந்தில் அது சட்டமானது 2006-இல். ஆகவே 1967-இல் கம்பெனியார் சட்டத்தை மீறியவர்களல்லர். சட்டம் உறங்கும் காலத்தில் ஒருவன் நடந்துகொள்ளும் விதமே அவனுடைய கண்ணியத்துக்கு அளவுகோல். அந்த அளவில் அவர்கள் குறைந்தார்கள் என்பதே நம் வாதம்.

பிறரைக் குறை கூறும்போது நம் வீட்டு முற்றத்தையும் பார்ப்பது முறை. தமிழ்ச் சினிமாப் பாட்டுத் தட்டுகள் எத்தனை ஆயிரம் வெளிவந்தன! பாடியவர், பாட்டு எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களைப் படித்தோம். கேட்போர் நெஞ்சை உருக்கிய அந்தப் புல்லாங்குழலை ஊதியவர் யார்? அந்த வீணையை மீட்டியவர் யார்? பெரும்பாலான தட்டுகளில் விடை இல்லை. நாமும் கேட்கவில்லை. 1957-ஆம் வருஷத்து இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 38-பி பிரிவு, வாசித்தவர் தம்மை வாசித்தவரென்று அடையாளம் காட்டக் கோரும் உரிமையை அளிக்கிறது. அப்பிரிவு ஏட்டில் இருக்கிறது. அதைப் பழக்கத்துக்குக் கொண்டுவருவது நம் கையில் இருக்கிறது.

உறையில் இடம் போதாது என்ற சாக்கும் இக்காலத்தில் செல்லாது. பாட்டுகள் கைபேசி வழியாக வரும் நாளில் நான்கு பெயர்களைச் சேர்ப்பதற்குக் காகிதமும் வேண்டாம், மையும் வேண்டாம்; மனம் ஒன்றே வேண்டும். பீட்டில்ஸ் தொகுப்பு இனி எந்த வடிவில் வெளிவந்தாலும் அந்நால்வரின் பெயர்கள் அப்பாட்டின் கீழ் நிற்க வேண்டும். நம் ஊர்ப் பாட்டுகளுக்கும் அதுவே விதியாக வேண்டும். புதிய பாட்டு வெளியாகும்போதெல்லாம் ‘வாசித்தவர் யார்?’ என்று நேயர்கள் கேட்கத் தொடங்கட்டும். கேட்பவர் பெருகினால், சொல்லாமல் விற்கும் வியாபாரி வெகுநாள் நிலைக்க மாட்டான்.