ஒரு தடவை வாசிச்சாத்தானே தெரியும்!

மேற்கத்திய கிளாசிக்கல்னு சொன்னா நம்மில் பலருக்கு பாக், மொசார்ட், பீத்தோவன். மூணு பேருமே ஜெர்மன் பேசினவங்க. அப்போ இங்கிலாந்துல யாருமே எழுதலையா? எழுதினாங்க. அதுல நிறைய, மேடை ஏறாமலே அலமாரியில தூங்குச்சு.

ஹேவர்கல் பிரையனை எடுத்துக்கலாம். 1876-ல் பிறந்தவர். மொத்தம் 32 சிம்பொனி எழுதினார். பெரும்பாலானவை எழுபது வயசுக்கு அப்புறம்! அவரோட முதல் சிம்பொனியான 'கோதிக்'கை 1927-ல் முடிச்சார். கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம் ஓடும். பிரம்மாண்ட ஆர்கெஸ்ட்ரா, பல பாடகர் குழுக்கள், தனியா நாலு பிராஸ் பேண்டு வேணும். முதல் முறையா அதை வாசிச்சது 1961-ல். 34 வருஷம் கழிச்சு, அதுவும் பெரும்பாலும் அமெச்சூர் கலைஞர்கள்! 1966-ல் ஏட்ரியன் போல்ட் நடத்த, பிபிசி ஆர்கெஸ்ட்ரா லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் வாசிச்சது. அப்போ பிரையனுக்கு வயசு 90.

"நல்ல இசையா இருந்தா தானா வெளிய வந்திருக்குமே?" என்று கேட்கலாம். வராது. ஆபரேட்டிங் சிஸ்டம் பேப்பர்ல படிச்ச டெட்லாக்தான் இது. யாருக்கும் தெரியாததால அரங்குகள் எடுக்காது. அரங்குகள் எடுக்காததால யாருக்கும் தெரியாது. யாராவது ஒருத்தர் நஷ்டத்துக்குத் துணிஞ்சு உடைக்கணும். இங்கே அதை முதல்ல உடைச்சது சம்பளம் வாங்காத ரசிகர்கள். 2011-ல் அதே ஹாலில், ப்ராம்ஸ் இசை விழாவுல, ஏறக்குறைய 1000 பேர் சேர்ந்து 'கோதிக்'கை வாசிச்சாங்க.

எதெல் ஸ்மித் கதையும் இப்படித்தான். 'தி ரெக்கர்ஸ்' ஓபராவை பிரெஞ்சு வரிகளுக்கு எழுதினார். 1906-ல் லைப்ஸிக்கில் அரங்கேறியது ஜெர்மன் மொழிபெயர்ப்பு. பிரெஞ்சு மூலத்தோட கிளைண்ட்போர்ன் விழா மேடை ஏத்தினது 2022-ல்.

"ரெக்கார்டிங் இருக்கே, போதாதா?" போதாது. நாலு திசையிலிருந்து பிராஸ் முழங்குறதுக்கு எழுதினதை இயர்போன்ல எப்படி எடை போடுறது?

தேடி எடுத்ததெல்லாம் பொக்கிஷமா இருக்காது. சிலது போர் அடிக்கும். பரவாயில்லை. கேட்டுட்டு வேணாம்னு சொன்னா அது தீர்ப்பு. கேட்காமலே சொன்னா வெறும் பழக்கம். அதனால அரங்குகளுக்கு என் கோரிக்கை ஒண்ணுதான்: ஒவ்வொரு கச்சேரியிலும் ரெண்டு பிரபலமான படைப்புக்கு நடுவுல, மறந்துபோன ஒண்ணுக்கு இடம் கொடுங்க. பிரையன் மாதிரி இன்னொருத்தர் 90 வயசு வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.