கேம் மாத்தினா குதிரை ஏறுமா?

"வண்டிக்கு கேம் மாத்திட்டேன் மச்சி, மூணு ஹார்ஸ் பவர் ஏறிடுச்சு!"

நம்ம செங்கல்பட்டுப் பக்கம் பைக் பைத்தியங்கள் நாலு பேர் கூடினால் ஐந்தாவது நிமிடம் இந்த வசனம் வந்துவிடும். மூணு ஏறியதை யார் அளந்தது, எதை வைத்து அளந்தது, அன்றைக்கு வெயில் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு மட்டும் பதில் வராது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேம் மாற்றுவது தப்பே இல்லை. அளக்காமல் மாற்றுவதும், எப்படி அளந்தோம் என்று சொல்லாமல் நம்பரை மட்டும் சொல்லிக்கொண்டு திரிவதும்தான் தப்பு.

மெக்கானிக்கல் படிக்காத நண்பர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். கேம் என்பது முட்டை வடிவத்தில் மேடு வைத்த ஒரு இரும்புத் துண்டு. அது சுற்றும்போது மேடு வந்து வால்வைத் தள்ளித் திறக்கும். க்ராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. பழைய வார்ப்பிரும்பு புல்லட் இன்ஜினில் கேம்கள் கீழே இருந்து புஷ் ராட் வழியாக வால்வைத் தள்ளும். 2020-ல் மீட்டியார் 350 வண்டியுடன் வந்த 349 சிசி இன்ஜினில் கேம் மேலே, சிலிண்டர் ஹெட்டிலேயே இருக்கிறது. வால்வு எவ்வளவு உயரம் திறக்கிறது என்பது லிஃப்ட். எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது ட்யூரேஷன். அவ்வளவுதான் சங்கதி.

கடையில் விற்கும் 'ஹாட் கேம்' பெரும்பாலும் வால்வைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும். ஆர்பிஎம் அதிகமாக இருக்கும்போது உள்ளே பாய்கிற காற்றுக்கு நல்ல வேகம் இருக்கும். பிஸ்டன் மேலே ஏற ஆரம்பித்த பிறகும் அந்த வேகத்திலேயே இன்னும் கொஞ்சம் காற்று உள்ளே வந்துவிடும். பவர் ஏறும். ஆனால் ஆர்பிஎம் குறைவாக இருக்கும்போது அந்த வேகம் கிடையாது. வந்த காற்றைப் பிஸ்டனே திருப்பி வெளியே தள்ளிவிடும். கீழே இழந்துதான் மேலே வாங்க முடியும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்றால் ஒரு கேமால் இரண்டையும் தர முடியாது.

இந்த 349 சிசி இன்ஜினுக்குக் கம்பெனி சொல்லும் கணக்கு: 4000 ஆர்பிஎம்மில் 27 நியூட்டன் மீட்டர் டார்க், 6100-ல் 20.2 குதிரை. டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 9549-ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். அதைத் திருப்பிப் போட்டால், 6100-ல் டார்க் 23.6-தான். அதாவது இழுவையின் உச்சம் 4000 பக்கத்தில் இருக்கிறது. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிறவன், ஊருக்கு ஊர் வேகத்தடை ஏறி இறங்கி, பெரும்பாலும் 3000, 4000-லேயே ஓட்டுகிறான். அந்த இடத்தில் இழுவையைக் குறைத்துவிட்டு, அவன் வாரத்துக்கு ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காத 6500-ல் ஒரு குதிரையைக் கொடுத்தால் யாருக்கு லாபம்? கடைக்காரருக்குத்தான் :-)

சரி, டைனோ பக்கம் வருவோம். பின் சக்கரத்தை உருளை மேல் ஏற்றி அளக்கும் டைனோவில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று இனர்ஷியா டைனோ. உருளையின் கனம் தெரியும், அதை வண்டி எவ்வளவு சீக்கிரம் வேகமேற்றுகிறது என்று பார்த்துப் பவரைக் கணக்கிடும். சில விநாடியில் வேலை முடிந்துவிடும். இரண்டாவது, மின்காந்த ப்ரேக் போட்டுப் பிடித்து, இன்ஜினை ஒரே ஆர்பிஎம்மில் நிறுத்தி அளப்பது. பாதி த்ராட்டிலில் பெட்ரோல் அளவைச் சரிசெய்ய இதுதான் வேண்டும். ஆனால் காற்றால் குளிரும் இன்ஜினுக்கு முன்னால் பெரிய ஃபேன் இல்லாவிட்டால் சூடேறி ரீடிங்கே மாறிப்போகும்.

இரண்டுமே பின் சக்கரத்துப் பவரைத்தான் காட்டும். கம்பெனி சொல்வது க்ராங்க் பவர். நடுவில் கியர் பாக்ஸும் செயினும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். கம்பெனி நம்பரையும் டைனோ நம்பரையும் கழித்துப் பார்ப்பது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடும் வேலை.

இப்போது நம்ம ஊர் வில்லன்: காற்று. மே மாதம், கடற்கரைப் பக்கம், 35 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் சுவாசிக்கும் காற்றில் சுமார் 4 சதவீதம் நீராவி. அது எரியாது, எரிக்கவும் உதவாது. எஸ்ஏஇ ஜே1349 என்ற திருத்தச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். அந்த மே மாத மதியத்தில் அளந்ததை ஏறக்குறைய 5 சதவீதம் கூட்டவேண்டும். ஜனவரிக் காலை 24 டிகிரியில் திருத்தமே கிட்டத்தட்ட வேண்டாம். 20 குதிரை வண்டிக்கு 5 சதவீதம் என்றால் ஒரு முழுக் குதிரை! மே மாதம் பழைய கேமில் அளந்து, ஜனவரியில் புதுக் கேமில் அளந்து, திருத்தம் போடாமல் ஒப்பிட்டால் கேம் எதுவுமே செய்யாமல் ஒரு குதிரை 'ஏறியிருக்கும்'.

செங்கல்பட்டிலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் வந்து திரும்பினால் ஒரகடம். ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலை 2013-லிருந்து அங்கே இருக்கிறது. மத்திய அரசின் வாகனச் சோதனை மையமான ஜிஏஆர்சி-யும் அங்கேதான். இன்ஜின் சோதனை அறைகளில் உள்ளே போகும் காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் கட்டுப்படுத்துவது வெட்டிச் செலவு அல்ல. அதைச் செய்யாவிட்டால் நேற்று எடுத்த ரீடிங்கை இன்றைக்கு எடுத்ததோடு ஒப்பிட முடியாது.

அந்த வசதி நமக்கு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காசு செலவில்லாத ஒழுங்கு ஒன்று இருக்கிறது. ஒரே டைனோ, ஒரே கியர், ஒரே டயர் பிரஷர், ஒரே இன்ஜின் சூடு. பழைய கேமில் மூன்று ஓட்டம், புதுக் கேமில் மூன்று ஓட்டம், திரும்பவும் பழையதைப் போட்டு மூன்று ஓட்டம். கடைசி மூன்றும் முதல் மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் நீங்கள் அளந்தது கேமை அல்ல, வேறு எதையோ. ஒரே கேமின் மூன்று ஓட்டத்துக்குள்ளேயே அரைக் குதிரை வித்தியாசம் வந்தால், அரைக் குதிரை லாபம் என்று சொல்ல வாயே திறக்கக்கூடாது. சைலன்சரையும் ஃபில்டரையும் அதே நாளில் மாற்றிவிட்டு கேமுக்கு மாலை போடுவதும் கூடாது.

"டைனோவெல்லாம் எதுக்கு, ஈசிஆர்ல ஒரு இழுப்பு இழுத்தா தெரிஞ்சுடும்" என்பார்கள். இதற்காகத்தான் இவ்வளவையும் எழுதினேன். வேகம் கூடினால் காற்றை எதிர்க்கத் தேவையான பவர் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். பவர் 5 சதவீதம் ஏறினால் டாப் ஸ்பீட் 1.6 சதவீதம்தான் ஏறும். 115-ல் போன வண்டி 117-ல் போகும். மதியம் எழும் கடற்காற்று ஒன்று போதும் அதை விழுங்க. ஸ்பீடோமீட்டர் முள்ளின் பிழையே அதைவிட அதிகம். அதாவது கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், ஆடு மாடும் சைக்கிளும் குறுக்கே வரும் ரோட்டில் உயிரைப் பணயம் வைத்து எடுக்கும் அந்த அளவு, கணக்குப்படியே எதையும் நிரூபிக்காது. தைரியம் இல்லாதவன் பேச்சு என்று நினைக்காதீர்கள், இது வெறும் கணக்கு.

முழு த்ராட்டிலில் ஓட்ட ஆசை இருந்தால் இருங்காட்டுக்கோட்டை ட்ராக் 1990-லிருந்து இருக்கிறது. அது திறந்தபோது அந்த ஊரே நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது. அங்கே 6000-க்கு மேலேயே ஓடும் வண்டிக்கு ஹாட் கேம் நியாயமான செலவு.

அடுத்த முறை யாராவது மூணு குதிரை என்றால் இதைக் கேளுங்கள்:

1. சக்கரத்திலா, க்ராங்கிலா?
2. எத்தனை ஓட்டம், அவற்றுக்குள் வித்தியாசம் எவ்வளவு?
3. அன்றைய வெப்பம், ஈரம், எந்தத் திருத்தம்?
4. கூட வேறு என்ன மாற்றினாய்?
5. 3500-ல் ஏறியதா, இறங்கியதா?

ஐந்தாவதற்கு மட்டும் நேர்மையாகப் பதில் வந்தாலே போதும், கேம் வாங்கலாமா வேண்டாமா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.