கொழும்பு இலகு ரயில்: முதல் பாதைக்கு மாலபேயைத் தேர்ந்தது ஏன்? அது நின்றுபோனது எப்படி?

காலை ஏழரைக்கு மாலபேயில் 177 பஸ்ஸில் ஏறுகிற ஒருவர் பொரளைக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருவார்? அவராலேயே சொல்ல முடியாது. கடுவலயிலிருந்து கொள்ளுப்பிட்டிக்கு ஓடும் அந்த பஸ், தலாஹேன, பத்தரமுல்ல, ராஜகிரிய என்று ஒவ்வொரு சந்தியிலும் நின்று நின்றுதான் நகரும். 2018 ஜனவரியில் ராஜகிரிய மேம்பாலம் திறந்தபோது கொஞ்சம் மூச்சு விட்டார்கள். அவ்வளவுதான்.

இலங்கையின் முதல் இலகு ரயில் இந்த வழியில்தான் ஓடியிருக்க வேணும். 2019 மார்ச்சில் ஜப்பானுடன் கடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2020 செப்டெம்பரில் திட்டமே கைவிடப்பட்டது. கொழும்பு நெரிசல் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இலகு ரயிலும் கூடவே வருகிறது. அப்போது எழும் முதல் கேள்வி: ஏன் மாலபே?

ஏன் காலி வீதி இல்லை?

கொழும்புக்குள் வரும் பிரதான தடங்கள் ஏழு: நீர்கொழும்பு, கண்டி, லோ லெவல், மாலபே, ஹைலெவல், ஹொரணை, காலி வீதி. கூட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் காலி வீதியோ கண்டி வீதியோதான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் காலி வீதிக்குப் பக்கத்திலேயே கடலோர ரயில் ஓடுகிறது. வெள்ளவத்தை, தெஹிவளை ஆட்கள் பஸ் சரிவராவிட்டால் ஸ்டேஷனுக்கு நடந்துபோகலாம். கண்டி வீதிப் பக்கம் ராகம, கம்பஹா வழியாகப் பிரதான பாதை இருக்கிறது. நீர்கொழும்புக்கும் ரயில் உண்டு. ஹைலெவல் வீதிக்கு நுகேகொட, மஹரகம வழியாகக் களனிவெளிப் பாதை. வளைவும் கடவையும் நிறைந்த பழைய பாதைதான், என்றாலும் ஏதோ ஒன்று இருக்கிறது.

மாலபே பக்கம் அதுகூட இல்லை. பஸ், கார், முச்சக்கர வண்டி எல்லாம் ஒரே வீதியில். ரயில் இல்லாத தடம் இது ஒன்றுதான் என்றில்லை, ஹொரணை வீதிக்கும் ரயில் கிடையாது. மாலபேயை முன்னால் தள்ளியது இன்னொரு காரணம்.

1982இல் பாராளுமன்றம் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேக்குப் போனது. பின்னாலேயே அரச அலுவலகங்களும் நகர்ந்தன. செத்சிரிபாய, இசுருபாய எல்லாம் பத்தரமுல்லயில். மாலபேயில் தனியார் உயர்கல்வி நிறுவனங்களும் தகவல் தொழில்நுட்பக் கம்பனிகளும் வந்தன. ஆக, காலையில் எல்லோரும் கோட்டைப் பக்கமே போவதில்லை. நகரத்துக்குள்ளிருந்து பத்தரமுல்லவுக்கு வேலைக்கு வருகிறவர்களும் ஏராளம். ரயில் நடத்துபவருக்கு இது பெரிய விஷயம். ஒரு பக்கம் நெரிந்து போய், மறுபக்கம் வெறுமையாகத் திரும்பும் ரயிலுக்குச் செலவு அதே செலவு, வருமானம்தான் பாதி. இரண்டு பக்கமும் ஆள் ஏறும் தடம் சும்மா கிடைப்பதில்லை.

பாதையின் நீளம் சுமார் 15.7 கிலோமீற்றர், நிலையங்கள் 16. மாலபேயிலிருந்து பத்தரமுல்ல, ராஜகிரிய, பொரளை, தேசிய வைத்தியசாலை, நகர மண்டபம் வழியாகக் கோட்டை. தூண்களின் மேல் ஓடும் என்பதால் கீழே இருக்கும் நெரிசல் ரயிலைத் தொடாது.

யாருக்கு வரவில்லை?

முதல் பாதை என்றால் யாரோ ஒருவர் காத்திருக்க வேண்டிவரும். இங்கே காத்திருக்க வைக்கப்பட்டவர்களில் வடகொழும்பு மக்களும் இருந்தார்கள். மட்டக்குளி, முகத்துவாரம் பக்கம் தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் இடம். சொந்த வாகனம் குறைவு, பஸ்ஸை விட்டால் வழியில்லை. அடுத்தடுத்த கோடுகள் பற்றிய வரைபடங்கள் இருந்தன. முதல் கோடே வராதபோது வரைபடத்தை வைத்து என்ன செய்வது?

கணக்குப்படி மாலபே சரியான தெரிவுதான். ஆனால் அந்தக் கணக்கு, பஸ்ஸிலும் காரிலும் தினமும் நீண்ட தூரம் வருகிறவர்களைப் பெரிதாகக் காட்டும். கிட்டத்தில் இருந்துகொண்டே நடந்தும் முச்சக்கர வண்டியிலும் சமாளிப்பவர்களைச் சிறிதாகத்தான் காட்டும்.

கடனும் ரத்தும்

மொத்தச் செலவாகப் பேசப்பட்டது சுமார் 1.5 பில்லியன் டொலர். முதல் தவணையாக ஜைக்கா ஒப்புக்கொண்டது ஏறக்குறைய 30 பில்லியன் யென். வட்டி 0.1 சதவீதம், 12 வருடச் சலுகைக் காலம் உட்பட 40 வருடத்தில் திருப்பிக் கட்டலாம். கேட்க இனிப்பாகத்தான் இருக்கும். ஆனால் இந்த வகைக் கடனில் பிரதான ஒப்பந்தக்காரர் ஜப்பானியராக இருக்க வேணும், ஜப்பானியத் தொழில்நுட்பமும் கூடவே வரும். வட்டி குறைவு, விலையில் பேரம் பேச இடமும் குறைவு. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேணும்.

2020இல் கோட்டாபய ராஜபக்ஷ அரசு சொன்ன காரணம், செலவு மிக அதிகம், கொழும்புக்கு இது பொருத்தமான தீர்வு அல்ல என்பது. செலவு பற்றிய கவலையில் நியாயம் உண்டு. செய்த விதத்தில் இல்லை. கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை ஒரு தரப்பாக நிறுத்தியதால் ஆலோசகர்களுக்கான கொடுப்பனவு தலையில் விழுந்தது, ஜப்பானின் மனமும் கசந்தது. 2022 செப்டெம்பரில் டோக்கியோ போன ரணில் விக்ரமசிங்க இதற்காக வருத்தம் தெரிவிக்க வேண்டியிருந்தது. அதற்குள் நாடு கடனைக் கட்ட முடியாமல் நின்றுவிட்டது.

2024 ஜூலையில், இடைநிறுத்திய திட்டங்களை ஜப்பான் மறுபடி தொடங்கியது. கட்டுநாயக்க விமான நிலைய விரிவாக்கம் அதில் இருந்தது. இலகு ரயில் இல்லை. அது இடைநிறுத்தப்பட்டதல்ல, ரத்துச் செய்யப்பட்டது.

இனி யாராவது தொடங்கினாலும் பழைய கோப்பைத் தூசி தட்டினால் போதாது. பயணிகள் கணக்கு எல்லாம் நெருக்கடிக்கு முந்தியது. டொலர் விலை மாறிவிட்டது, டிக்கெட் கட்டணத்தைப் புதிதாகப் போட வேணும். ரயில்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் டிப்போ மாலபேயில் என்று திட்டமிட்டிருந்தார்கள். டிப்போ இல்லாமல் எந்தக் கோடும் ஓடாது. அந்த நிலம் கட்டடமாகி விட்டால் முதல் பாதை எது என்ற கேள்வியை மறுபடி ஆரம்பத்திலிருந்து கேட்க வேண்டிவரும்.