சாவுக்கணக்கில் ஏறாத சனம்

1892 உத்தரவில் கொடுத்த பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்டுப் போனால், 'உங்க பூட்டன் செத்ததுக்குச் சான்று இருக்கா?' என்கிறான்.

எங்கிருந்து வரும்? பெண்ணாடம் சுற்றுவட்டாரத்தில் எவன் செத்தாலும் சேதி சொல்லப் போனவன், பறையடிச்சவன், குழி வெட்டினவன் எங்க ஆளு. சாவுப் பதிவேடு மட்டும் மணியக்காரர் வீட்டில். பரம்பரை உத்தியோகம், 1980இல்தான் ஒழிந்தது. அதுவரைக்கும் சேரிச் சாவு, அவர் எழுதினா உண்டு.

கப்பலேறினவன் கதை வேறு. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒன்றரை லட்சம் கூலிகளுக்குக் கப்பல் ஏடு இருக்கிறது: பேர், அப்பன் பேர், வயசு, சாதி, ஜில்லா, ஊர், உடம்புத் தழும்பு வரைக்கும். கூலியைக் கட்டிவைக்க எழுதினது. வெள்ளைக்காரன் கருணைன்னு யாரும் கொண்டாட வேணாம். ஆனா அதைப் பிடிச்சுக்கிட்டு அவன் கொள்ளுப்பேரன் ஊர் தேடி வருகிறான். இங்கேயே உழைத்துச் செத்தவனுக்கு அந்த ஒரு வரி இல்லை.

ஆவணம் இல்லையேல் வரலாறு இல்லையாம், பண்டிதர்கள் சொல்கிறார்கள். ஏடு யார் வீட்டுப் பரணில் கிடந்தது என்று கேட்கமாட்டார்கள். எம்.ஏ.வில் எனக்கு நடுகல் பாடம் நடத்தினார்கள். எங்க சுடுகாட்டில் எந்தக் குழிமேட்டுக்குக் கல் இருக்கு?

'தாது வருசப் பஞ்சத்துல போனாரு' என்று கிழவி சொல்கிறாளே, அதுதான் எங்க பதிவேடு. செத்தவர் உறவுமுறை பற்றிச் சொல்லிப்போன வாய்ச்சொல்லை 1872 சாட்சியச் சட்டமே ஏற்றுக்கொண்டது. தாசில்தார் ஏன் ஏற்கமாட்டார்?