கட்டிலோரம் தொங்கிய டப்பா

வலை இழுப்பவர்களும் நாற்று நடுபவர்களும் வாழும் பூம்புகாரில் இடுப்புவலி புகாத வீடு அபூர்வம். எங்கள் மாமாவுக்குக் கால்வரை மரத்துப்போனதால் தஞ்சாவூரில் முதுகெலும்பு ஆபரேஷன் செய்தார்கள். வார்டுக்குக் கொண்டுவந்ததும் அத்தையின் பார்வை போனது அவர் முகத்துக்கு அல்ல. முதுகிலிருந்து வந்த ட்யூபுக்கும் அதன் நுனியில் தொங்கிய டப்பாவுக்கும்தான். "இவ்ளோ ரத்தம் போவுதே தம்பி, திருப்பி ஏத்துவாங்களா?"

அதைத் திருப்பி ஏற்றுவதில்லை. உடம்பில் ரத்த அளவு குறைந்தால்தான் வேறு ரத்தம் ஏற்றுவார்கள். அந்த டப்பா துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பானது. நர்ஸ் அதை அமுக்கித் தட்டையாக்கி மூடிவிடுகிறார். அது விரிய விரிய, காயத்துக்குள் தேங்கும் ரத்தமும் நீரும் உறிஞ்சப்பட்டு வருகின்றன. முழுக்க விரிந்துவிட்டால் இழுப்பு நின்றுவிடும். எத்தனை மில்லி என்று குறித்துக்கொண்டு, காலி செய்து மறுபடி அமுக்க வேண்டும். வரத்து குறைந்ததும், பெரும்பாலும் ஓரிரு நாளில், உருவிவிடுவார்கள்.

தொடையில் ரத்தம் தேங்கினால் வீங்க இடமுண்டு. முதுகெலும்புக்குள் இடம் குறைவு; கட்டிய ரத்தம் நரம்பை நசுக்கும். அந்தப் பயத்தில்தான் ட்யூப்.

பக்கத்துக் கட்டில்காரருக்கு ட்யூப் இல்லை. அதைக் கவனக்குறைவு என்று நினைக்க வேண்டாம். பலவகை எலும்பு அறுவைகளைச் சேர்த்து 36 ஆய்வுகளை, 5,464 நோயாளிகளை அலசிய, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2007 தொகுப்பில், ட்யூப் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் இடையே சீழ் பிடிப்பதிலும் ரத்தம் கட்டுவதிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ட்யூப் போட்டவர்களுக்கு ரத்தம் ஏற்றுவது கூடியது; போடாதவர்களுக்குக் கட்டு அதிகம் நனைந்தது. ஒரே இடத்தில் செய்யும் சின்ன அறுவைக்குப் பல டாக்டர்கள் ட்யூப் போடுவதில்லை. பல எலும்புகளைத் திறந்து ஸ்க்ரூ வைக்கும்போது பெரும்பாலும் போடுகிறார்கள். ஏன் போட்டீர்கள், எப்போது எடுப்பீர்கள் என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.

ட்யூப் இருந்தாலும் ரத்தக்கட்டு வரலாம். ட்யூபே அடைத்துக்கொள்வதும் உண்டு. அதனால் டப்பாவைவிடக் காலைப் பாருங்கள். பாதத்தை மேலே மடக்க முடிகிறதா? உட்காரும் இடத்தில் தொட்டால் தெரிகிறதா? மூத்திர ட்யூபை எடுத்த பிறகு தானாகப் போகிறதா? டப்பாவில் சிவப்பு இல்லாமல் தெளிந்த நீராக வந்தாலோ, எழுந்து உட்கார்ந்தால் தலை வலித்தாலோ அதையும் சொல்லுங்கள். தண்டுவட நீர் கசியலாம்.

கால் பலம் திடீரென்று குறைந்தால், காலை ரவுண்ட்ஸுக்கு டாக்டர் வரட்டும் என்று இருக்கவே கூடாது. சில மணி நேரத்துக்குள் மறுபடி திறந்து ரத்தக்கட்டை எடுத்தால்தான் நரம்பு பிழைக்க நல்ல வாய்ப்பு. நடுராத்திரி ஆனாலும் நர்ஸைக் கூப்பிடுங்கள். வீட்டுக்கு வந்துவிட்டிருந்தால் 108ஐ அழையுங்கள்.